கடற்கரைக்குப் பொதுவழி: பலகை நடுவதற்கு முன்னும் பின்னும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், இரயுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று நீரோடி வரைக்கும் ஒருமுறை ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். கடல் சத்தம் கூடவே வரும். உப்புக்காற்று முகத்தில் ஒட்டும். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு மணலுக்குப் போக நினைத்தால், எந்த முடுக்கில் நுழைவது என்று தெரியாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். வழி என்பது இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆறடி அகலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கோவிலுக்குப் பின்னால் (எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைத்தான் கோவில் என்போம்), ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஊர்க்காரர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தெரியாதவர் 108 டிரைவரும், புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரரும், கடலரிப்பைப் பார்க்க வரும் பொறியாளரும்தான். அப்புறம் ஒருநாள் ஒருவர் வாங்கிய மனைக்குச் சுற்றுச்சுவர் எழும்பும், அந்த ஆறடி மூன்றடியாகும், பிறகு கேட் வரும். 'இங்கே வழி இருந்தது' என்று சொல்ல நாலு வயசாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

எங்கள் துறையில் (மீனவ ஊரில்) நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, கடற்கரைக்குப் போகும் பொதுவழியைக் காட்டும் பலகைகள் இதுவரை ஒன்பது நட்டிருக்கிறோம். முதல் மூன்றும் வீணாய்ப் போயின. அந்தத் தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பலகை நடுவது அரைநாள் வேலை. அந்த வழி பொதுவழிதான் என்று காகிதத்தில் நிறுத்துவது மூன்று நாலு மாத வேலை. அதைச் செய்யாமல் நட்ட பலகையை எவரும் ஒரு மண்வெட்டியால் பிடுங்கிவிடலாம், நீங்கள் போய்க் கேட்க முடியாது.

முதலில் நடக்க வேண்டும், இரண்டு பருவத்தில்

ஒரு நோட்டும் 30 மீட்டர் டேப்பும் எடுத்துக்கொண்டு சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் நடந்து போங்கள். தொடக்கம், முடிவு, மிகக் குறுகலான இடத்தின் அகலம், எங்கே படி, எங்கே சாக்கடை, எங்கே கேட். இரண்டு முனையிலும் கைபேசியில் ஜிபிஎஸ் புள்ளியைக் குறியுங்கள். சில மீட்டர் முன்பின் இருக்கும், பரவாயில்லை. ஒரு மின்கம்பத்திலிருந்தோ கோவில் குருசடியிலிருந்தோ (சிலுவை நிற்கும் மேடை) டேப்பில் அளந்த தூரத்தையும் கூடவே எழுதினால் அந்தப் பிழை சரியாகிவிடும்.

இதை மாசியில் ஒருமுறை செய்துவிட்டு முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் எங்கள் கரை வேறு கரையாகிவிடும். மாசியில் 40 மீட்டர் மணல் கிடந்த இடத்தில் ஆடியில் அலை நேராகக் கருங்கல் சுவரில் வந்து அடிக்கும். நாங்கள் முதலில் நட்ட பலகைகளில் ஒன்று கோடையில் பார்த்து நட்டது. ஜூலையில் அது காட்டிய வழி அலைத் தடுப்புக் கல்லில் போய் முடிந்தது. அந்தக் கற்களின் இடுக்கில் பாசி பிடித்திருக்கும், கால் உள்ளே போனால் எலும்பு முறியும். மழைக்காலத்தில் பயன்படாத வழியை நோட்டில் தனியாகக் குறியுங்கள். பலகையிலும் அது வர வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கல், ஏ.வி.எம். கால்வாய். திருவிதாங்கூர் காலத்தில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயின் மிச்சம் பல துறைகளுக்குப் பின்னால் கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. கடலுக்கு வழி இருந்தாலும், கால்வாயைக் கடக்கும் சிறு பாலம் இடிந்திருந்தால் அந்த வழி பாதி வழிதான். எனவே அளவைக் கடற்கரை முனையில் தொடங்காமல், மக்கள் உண்மையில் எங்கிருந்து வருகிறார்களோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பெயரைக் கேட்டு எழுதுங்கள்

ஒவ்வொரு வழிக்கும் ஊரில் ஒரு பெயர் இருக்கும். ஆலமூட்டு முடுக்கு, கரமடி வழி, பழைய சந்தை இடவழி என்று. அந்தப் பெயரைத்தான் பலகையில் போட வேண்டும். 'கடற்கரை நுழைவு எண் 3' என்று மட்டும் எழுதினால் அந்தப் பலகை ஊருக்குச் சொந்தமாகாது, சொந்தமாகாத பலகையை யாரும் காவல் காக்க மாட்டார்கள்.

பெயர் கேட்கப் போகும்போதுதான் எதிர்ப்பும் தெரியவரும். மீன் விற்கும் ஒரு அம்மச்சி எங்களிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "போர்டு வச்சா வெளியாளு காரைக் கொண்டாந்து வள்ளத்துக்கு முன்னால நிறுத்துவான். குப்பியும் உடைச்சுப் போடுவான். பிறவு யாரு மக்களே வந்து வாருவா? நீ வருவியா?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பலகையில் 'வண்டி செல்லாது' என்ற வரியையும், வண்டி நிறுத்தும் இடம் எது என்ற அம்புக்குறியையும் சேர்த்தோம். பங்குப் பேரவையில் (தேவாலயத்தின் ஊர்க் குழு) பேசி, வள்ளம் (படகு) ஏற்றி வைக்கும் இரண்டு வழிகளை வெளியாருக்கான பட்டியலிலிருந்து எடுத்தோம். அவை மீனவர்களுடைய தொழில் வழிகள். காலையில் வள்ளம் இறக்கும் நேரத்தில் அங்கே குடும்பத்தோடு செல்ஃபி எடுப்பவர்கள் நின்றால் இருவருக்கும் கஷ்டம்.

இது எளிதான முடிவல்ல. பொதுவழி என்று பதிவேட்டில் இருக்க வேண்டும், ஆனால் சுற்றுலாக்காரரை அங்கே அழைக்கக் கூடாது. அதனால் அந்த இரண்டு வழிகளிலும் பெயரும் எண்ணும் மட்டும் உள்ள சிறு கல் வைத்தோம். சாலையிலிருந்து அம்பு கிடையாது.

காகித வேலை

இங்கே பொறுமையாக இருங்கள். ஒவ்வொரு வழியும் எந்தப் புல எண்ணில் (சர்வே நம்பரில்) வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாடு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) அ-பதிவேடும் (நிலம் எந்த வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பார்க்கலாம். அதில் தெளிவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பெரிய கிராம வரைபடத்தைப் பாருங்கள். அ-பதிவேட்டில் கடைசிப் பத்தியைப் படிப்பதுதான் சூட்சுமம். 'பாதை', 'வண்டிப்பாதை', 'கடல் புறம்போக்கு' என்று அங்கேதான் இருக்கும். புலப்படத்தில் பாதை இரட்டைக் கோடாகவோ புள்ளிக் கோடாகவோ வரும். தனி உட்பிரிவு எண் பெற்றிருந்தால் பாதி வேலை முடிந்தது.

தேடிப் பார்த்தால் வழிகள் நாலு வகையாகப் பிரியும். பதிவேட்டிலேயே பாதைப் புறம்போக்காக இருப்பவை முதல் வகை. ஊராட்சியோ நகராட்சியோ தார் போட்டு, கல் பதித்து, தன் சாலைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டவை இரண்டாவது. இவை இரண்டிலும் சிக்கல் குறைவு. மூன்றாவது, கோவில் வக நிலத்தில், அதாவது கோவிலுக்குச் சொந்தமான நிலத்தில், போகும் வழி. எங்கள் கரையில் இது ஏராளம். பங்குத்தந்தையும் பேரவையும் எழுத்தில் சம்மதம் தந்தால் போதும், பெரும்பாலும் தருவார்கள். நாலாவதுதான் தலைவலி: பட்டா நிலத்துக்குள் ஐம்பது வருடமாக ஊரே நடக்கும் வழி.

நாலாவது வகையில் உரிமையாளரைக் கேட்காமல் பலகை வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம், அது இரண்டாவது தவறு. காலையில் நட்டோம், மாலைக்குள் பலகை எங்கள் நூலகத் திண்ணையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் செய்ததில் தப்பும் இல்லை. பிறகு அவரோடு உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது, வழியை மூடும் எண்ணமே அவருக்கு இல்லை, கேட்காமல் வைத்ததுதான் கோபம். ஒரு மீட்டர் அகலத்துக்கு எழுத்தில் சம்மதக் கடிதம் தந்தார். முடிந்தால் அந்தத் துண்டு நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து வாங்குவது நல்லது. கடிதம் கொடுத்தவர் காலத்தோடு கடிதத்தின் பலமும் குறையும். வாரிசுகள் நிலத்தை விற்கும்போது பத்திரம் மட்டும்தான் நிற்கும்.

குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு வசதியும் உண்டு, சங்கடமும் உண்டு: பழைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும், ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள், கொல்லம் 1100 என்றால் 1924-25. அந்த ஆதாரங்களின் நான்கெல்லை விவரத்தில் பொன் கிடக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் கிடைத்த ஓர் ஆதாரத்தில் மேற்கெல்லையாக 'கடலிலேக்குள்ள வழி' (கடலுக்குப் போகும் வழி) என்று ஒரே வரி. இன்றைய புலப்படத்தில் அந்த வழி இல்லை. அந்த ஒரு வரியின் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து சர்வேயரை வரவழைத்தோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள். நகல் எடுத்து, தமிழில் பெயர்த்து, இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள்.

பதில் வராத இடங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. 'இது பொதுவழியா?' என்று கேட்காதீர்கள், அது கருத்து, பதில் வராது. 'புல எண் இன்னதன் அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல், ஊராட்சிச் சாலைப் பதிவேட்டில் இந்த வழி உள்ள பக்கத்தின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

கடலோரச் சட்டத்தில் நமக்கு உதவுவது

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது, 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்டது. அதில் இரண்டு இடங்களை மனதில் வைத்தால் போதும். கடற்கரை விடுதிகள் இரண்டுக்கு நடுவே பொதுமக்கள் கடற்கரைக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். தனியார் இடத்தைச் சுற்றி வேலி போடலாம், ஆனால் அந்த வேலி மக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. உங்கள் ஊரில் விடுதி கட்ட விண்ணப்பம் வருகிறது என்றால் கட்டடம் எழும் முன்பே இந்த 20 மீட்டரைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். சுவர் எழுந்த பிறகு கேட்டால் வழக்குதான்.

கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீனவர் ஊர்கள், மீன் உலர்த்தும் இடம், வள்ளம் ஏற்றும் இடம் போன்ற பொதுப் பயன்பாடுகளை அந்த வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊருக்கு இவை எதுவும் குறிக்காமல் வெறும் கட்டமாக இருந்தால், நீங்கள் டேப் வைத்து அளந்த பட்டியலே இணைத்து அனுப்ப நல்ல ஆவணம்.

தீர்மானம்

இனி உள்ளாட்சி. தூத்தூர் போல ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வையுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 எங்கள் மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட. அன்று ஊரில் பேச்சாளர்கள் அதிகம், கூட்டம் நீளும், அவசரத் தீர்மானத்துக்கு அந்த நாளை நம்பாதீர்கள். கொல்லங்கோடு போல நகராட்சி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்துக்குப் போக வேண்டும்.

தீர்மானத்தில் ஒவ்வொரு வழியின் பெயர், புல எண், நீளம், அகலம், பலகை நிற்கும் இடம் எல்லாம் வர வேண்டும். 'கடற்கரை வழிகளில் பலகை வைக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நாளைக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சாலையோரத்தில் நடுவது நெடுஞ்சாலைத் துறை இடமானால் அவர்களிடமும் தனியாக அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவது உங்கள் பலகைதான்.

பலகையில் என்ன எழுதுவது

எங்கள் முதல் பலகையில் 'கடற்கரைக்குச் செல்லும் பொதுமக்கள் பயன்பாட்டிற்கான பாதை' என்று எழுதியிருந்தோம். வண்டியில் போகிறவர் 'கடற்கரைக்குச் செல்லும்' வரை படிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். இப்போது எழுதுவது இவ்வளவுதான்:

பொதுவழி
கரமடி வழி
கடற்கரை 140 மீட்டர் (அம்புக்குறி)
வண்டி செல்லாது
எண் 5, கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு

'பொதுவழி' என்ற சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். கேரளத்தில் பொழியூர், பூவார் பக்கத்திலிருந்து வருபவருக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும். அதனால் தமிழ் மேலே, மலையாளம் அடுத்து, ஆங்கிலம் சிறிதாகக் கீழே. நீரோடியில் இறங்கி மணலில் மேற்கே நடந்தால் எங்கே தமிழ்நாடு முடிந்து எங்கே பொழியூர் தொடங்குகிறது என்று கால் அறியாது. அங்கே இரண்டு எழுத்தும் ஒரே அளவில் இருக்கட்டும்.

மாவட்டம், மாநிலம் எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லைப் பகுதியில் கைபேசி சில நேரம் அந்தப் பக்க டவரைப் பிடித்துக்கொள்ளும். 108 இரண்டு மாநிலத்திலும் 108தான். அழைப்பு திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டால், எடுப்பவருக்கு 'கரமடி வழி' என்று சொல்லி என்ன பயன்? பதற்றத்தில் இருப்பவர் பலகையைப் பார்த்து எண், மாவட்டம், மாநிலம் மூன்றையும் அப்படியே வாசித்தால் போதும். ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில் பல கடற்கரை வழிகளுக்குத் தனித்தனிக் குறியீட்டு எண் கொடுத்துப் பலகை வைத்திருக்கிறார்கள், அவசர அழைப்புக்காகவே. நம் எண் முறையையும் எல்லையிலிருந்து தொடங்கிக் கிழக்கே வரிசையாக ஓட விடுங்கள், நடுவில் புது வழி வந்தால் 5அ என்று போடலாம். பட்டியலை 108 ஓட்டுநர்களிடமும் காவல் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். கொடுக்காவிட்டால் அந்த எண் நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

கலிஃபோர்னியாவில் 1976-இல் வந்த கடற்கரைச் சட்டத்துக்குப் பிறகு, பொது நுழைவு உள்ள இடங்களில் அலைமேல் வெறுங்கால் பாதம் வரைந்த சின்னம் வைக்கும் வழக்கம் உண்டு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். நாங்களும் ஒரு சின்னம் வைக்க நினைத்து, ஊர்ப் பிள்ளைகளை வரையச் சொன்னோம். பாதம், வள்ளம், நண்டு என்று பல வந்தன. வள்ளம் வைத்தால் துறைமுகம் என்று நினைப்பார்கள் என்று பாதத்தையே எடுத்துக்கொண்டோம்.

எழுத்துப் பிழையைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்குப் போவதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துப் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை 'பொதுவலி' என்று அடித்து வந்தது. நடுவதற்கு ஆள் வந்து காத்திருந்த நேரத்தில்தான் பார்த்தோம். சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினோம், ஆனால் காசு போனது போனதுதான்.

எழுத்தின் அளவுக்குச் சூத்திரம் தேட வேண்டாம். அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து, நட வேண்டிய இடத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வண்டியில் வழக்கமான வேகத்தில் வந்து பாருங்கள். சுழியும் கொம்பும் நெருங்கிக் கிடக்கும் தமிழ் எழுத்து, ஆங்கிலத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் தூரத்தில் பிரியும். வாசிக்கக் கண்ணாடி போடும் வயதுள்ள ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

ஆபத்தைச் சொல்லும் பகுதி

வழி காட்டினால் ஆபத்தையும் காட்ட வேண்டும், அந்தப் பொறுப்பு வந்துவிடுகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. கள்ளக்கடல் என்ற பெயரே பொருத்தம்: காற்று இருக்காது, மழை இருக்காது, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து திடீரென்று கரையேறும். வெளியூர்க்காரருக்கு வானத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நிரந்தரப் பலகையில் 'எச்சரிக்கை' என்று எழுதிவைத்தால் பத்து நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் பலகையின் அடியில் இரண்டு கொக்கி வைத்தோம். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை வரும் நாளில் 'இன்று கடலில் இறங்காதீர்கள்' என்ற சிவப்புத் தகட்டை மாட்டுவோம், எச்சரிக்கை முடிந்ததும் கழற்றுவோம். தகடு எந்த வீட்டில் இருக்கிறது, யார் மாட்டுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வழியின் வாசலில் உள்ள வீட்டில் கொடுப்பதுதான் நடக்கும் காரியம்.

பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் இடம்), தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) இரண்டுக்கும் பக்கத்தில் போகும் வழிகளைக் குளிக்கும் இடமாகக் காட்டவே காட்டாதீர்கள். கல் வளைவை ஒட்டித் தண்ணீர் திரும்பி ஆழத்துக்கு இழுக்கும். மேலே பார்த்தால் அந்த இடம்தான் அலை குறைந்து அமைதியாகத் தெரியும், குழந்தையோடு வருபவர் அங்கேதான் இறங்குவார்.

பலகையின் பின்பக்கத்தை வெறுமனே விடாதீர்கள். சாலையைப் பார்க்கும் முகம் கடலைக் காட்டுகிறது என்றால், கடலைப் பார்க்கும் முகம் மேட்டைக் காட்டட்டும்: பள்ளிக்கூடமோ கோவில் மேடோ எவ்வளவு தூரம், எந்தப் பக்கம். 2004 சுனாமியைப் பார்த்த கரை இது. ஊர்க்காரருக்கு ஓடும் வழி தெரியும், கடலில் கால் நனைக்க வந்தவருக்குத் தெரியாது. அதே முகத்தில் 108, 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 எண்களும் வரட்டும்.

எதில் செய்வது, எப்படி நடுவது

எங்கள் மூன்றாவது தவறு இரும்பு. சாதாரண இரும்புக் குழாயில் பெயின்ட் அடித்து நட்டோம். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, மணல் மட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தின்றுபோய் ஒருநாள் சாய்ந்துகிடந்தது. உப்பும் ஈரமும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண்தான் எப்போதும் முதலில் போகும்.

துத்தநாக முலாம் பூசிய குழாய் பரவாயில்லை, ஆனால் ஓட்டைகளை முலாம் பூசும் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு துளைத்தால் அந்தத் துளையின் விளிம்பில்தான் துரு தொடங்கும். பலகைக்கு அலுமினியத் தகடு நல்லது. அதை இரும்பு போல்ட்டால் நேரடியாக முடுக்கினால் இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் சண்டை போட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், கடல் காற்றில் கிழிந்து தொங்கும். நிறத்தில் சிவப்பு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும், நீலம் தாங்கும். அதனால் நிரந்தர எழுத்து நீலத்தில் வெள்ளை, சிவப்பு அந்தக் கழற்றி மாட்டும் தகட்டுக்கு மட்டும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடக் கருங்கல்தான். நம் மாவட்டத்தில் கல்லும் கிடைக்கும், கொத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பழைய சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள், எத்தனை தலைமுறை உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. 'பொதுவழி' என்ற சொல்லையும் எண்ணையும் கல்லில் கொத்தி வழியின் தொடக்கத்தில் நடுங்கள். மாறக்கூடிய விவரங்களை மட்டும் தகட்டில் வையுங்கள். பலகையைப் பிடுங்குகிறவர் கல்லைப் பிடுங்கக் கொஞ்சம் யோசிப்பார்.

குழி தோண்டும்போது மணல் சரிந்துகொண்டே இருக்கும். பழைய பெயின்ட் டிரம்மின் அடியை வெட்டிவிட்டுக் குழிக்குள் இறக்கினால் சரியாது. மூன்றடி ஆழமாவது வேண்டும். கம்பத்தின் அடியில் குறுக்காக இரண்டு கம்பி பற்றவைத்திருந்தால் காற்றில் திருகாது. கான்கிரீட்டுக்கு வாய்க்குள் வைக்க முடியாத தண்ணீரையும் கடற்கரை மணலையும் பயன்படுத்தாதீர்கள். பக்கத்திலேயே கிடக்கிறதே என்று மேஸ்திரி அள்ளத்தான் பார்ப்பார். உப்பு உள்ளேயிருந்து கம்பியைத் தின்னும். கான்கிரீட்டின் மேல்பரப்பைக் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்காது.

இடம் பார்ப்பதில் ஒரே விதி: வழியின் நடுவில் நிற்கக் கூடாது. வள்ளத்தைத் தோளில் தூக்கி வருபவர்களுக்கும், தலையில் மீன் கூடையோடு வரும் பெண்களுக்கும், சவப்பெட்டி தூக்கி வருபவர்களுக்கும் அகலம் வேண்டும். தென்னையின் அடியிலும் வேண்டாம். தேங்காய் விழுந்து நசுங்கிய பலகை ஒன்று எங்களிடம் இருக்கிறது. விளக்கு தேவையில்லை, ஒளி திருப்பும் தாள் போதும். கடற்கரை முனையில் வெளிச்சம் போட்டால் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் குழப்பம்.

நட்ட பிறகு

நட்ட அன்று ஒவ்வொரு பலகையையும் நாலு பக்கமிருந்தும், வழியின் இரண்டு முனையும் தெரியும்படியும் படம் எடுத்து, தேதியோடு உள்ளாட்சிக்கு ஒரு கடிதமாகக் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். வழி சுருங்கும்போது பேசப்போவது அந்தப் படம்தான். கூகுள் மேப்பிலும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலும் பெயரோடு ஏற்றுங்கள், தொழில் வழிகள் இரண்டைத் தவிர.

ஆண்டுக்கு இரண்டுமுறை சுற்றி வந்தால் போதும். வைகாசி பிறந்ததும் போல்ட் முடுக்கி, மழைக்கால அடையாளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. ஐப்பசியில் கடல் எதைக் கொண்டுபோனது என்று பார்ப்பது இன்னொன்று. நடுவில் தேர்தல் போஸ்டரும் திருவிழா பேனரும் மேலே ஏறும். கிழிக்கும்போது பசை போகத் தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள், கத்தியால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும். வலை காயப்போட எங்கள் 7-ஆம் எண் கம்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் சொல்லிப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம். வலைக்காரர் காலையில் வலையை எடுக்கும்போது பலகையையும் ஒரு துடை துடைத்துவிட்டுப் போகிறார்.

கேட் முளைத்தால்? அன்றைக்கே படம் எடுங்கள். முதலில் உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள். ஒரு வாரத்தில் அசைவு இல்லை என்றால் தீர்மான நகல், புலப்படம், நட்ட நாளின் படம் மூன்றையும் சேர்த்து வட்டாட்சியருக்கு மனு, நகல் உள்ளாட்சிக்கு. அதுவும் நகரவில்லை என்றால் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். கடற்கரைப் பேருந்தில் நாகர்கோவில் போய் வர ஒரு முழுநாள் போகும், மூன்று பேராகப் போங்கள், சோறு கட்டிக்கொண்டு போங்கள்.